சொன்னவர் யார், செய்தவர் யார்?

நிலக்கோட்டை வட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் வத்தலகுண்டு. தமிழின் முன்னோடி நாவல்களுள் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதிய பி.ஆர். ராஜமையர் இவ்வூர்க்காரர். அவர் பிறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1884 அக்டோபர் 4 அன்று, அதே ஊரில் பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. திண்டுக்கல் மாவட்டம் உருவாக அப்போது இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. வத்தலகுண்டு மதுரை மாவட்டத்தில் இருந்தது.

வ.உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரோடு சேர்த்தே சிவாவின் பெயரைப் பாடநூல்கள் சொல்கின்றன. சிறையில் தொழுநோய் பற்றியவர், பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முயன்றவர் என்பவை பலரும் அறிந்தவை. அவர் எந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை, கையில் ஆயுதம் ஏந்தவில்லை. கூட்டங்களில் பேசினார். அதற்காக 23 வயது இளைஞருக்கு 10 ஆண்டுகள் நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் கோரிக்கை அட்டையோடு அமரும் எவருக்கும் அந்த வழக்கு இன்றும் தொடர்புடையதுதான்.

சிவாவின் இளமை வறுமையில் கழிந்தது. மதுரையில் பள்ளிக் கல்வியைத் தொடங்கியவர், குடும்பச் சூழல் காரணமாகத் திருவனந்தபுரம் சென்றார். அங்கிருந்த ஊட்டுப்புரைகளில் கிடைத்த இலவச உணவே படிப்புக்குத் துணையாயிற்று. 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டதும் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. அதன் அலை திருவிதாங்கூரையும் எட்டியது. சிவா அங்கே இளைஞர்களைத் திரட்டி ஒரு சங்கம் நிறுவினார். தேச விடுதலை குறித்துப் பேசத் தொடங்கினார். சமஸ்தான நிர்வாகம் அவரை வெளியேற்றியது. பேச்சுக்காக அவர் பெற்ற முதல் தண்டனை அதுதான். அதற்கு விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

ஊர் ஊராகப் பேசிக்கொண்டே நடந்த அந்தப் பயணம் 1908-இன் தொடக்கத்தில் அவரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுசேர்த்தது. சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த வ.உ.சி., சிவாவின் நாவன்மையைக் கண்டு அவரைத் தம்முடன் தங்கவைத்துக்கொண்டார். கடற்கரைக் கூட்டங்களில் இருவரும் பேசினர். படித்தவர்களின் மாநாடுகளில் ஆங்கிலத்தில் நடந்துவந்த அரசியல், துறைமுகத் தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் புரியும் தமிழில் இறங்கிவந்தது. அரசைக் கலக்கியது இந்த மாற்றம்.

அப்போது ஆங்கிலேயருக்குச் சொந்தமான கோரல் நூற்பாலையில் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கும் நீண்ட வேலை நேரத்துக்கும் ஆட்பட்டிருந்தனர். வாராந்தர விடுமுறைகூட இல்லை. 1908 பிப்ரவரி 27 அன்று அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். ஊர் மக்கள் தொழிலாளர்களுக்கு ஆதரவாக நின்றனர். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கிவந்து, கூலி உயர்வையும் வார விடுமுறையையும் ஏற்றது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் தொடக்ககால வெற்றிகளுள் ஒன்று அது.

சிவா மிதவாதி அல்லர். ரஷ்யாவில் எழுந்த கிளர்ச்சியை எடுத்துக்காட்டி, புரட்சிகள் உலகுக்கு நன்மையே செய்திருக்கின்றன என்ற பொருளில் தொழிலாளர்களிடம் பேசினார். முழுச் சுயராஜ்யமே தேவை என்றார். அவர் சொற்களில் சூடு இருந்தது. ஆட்சியின் மீது அன்பு வளர்க்கும் சொற்கள் அல்ல அவை. அவரது வழக்கை எடைபோடும்போது இதை மறைக்க வேண்டியதில்லை. சட்டத்தின் முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி, பேச்சு கடுமையாக இருந்ததா என்பதன்று. அந்தப் பேச்சுக்கும் ஏதேனும் ஒரு வன்செயலுக்கும் இடையே நேரடித் தொடர்பு இருந்ததா என்பதே.

ஆலை வேலைநிறுத்தம் முடிந்த கையோடு, வங்கத் தலைவர் விபின் சந்திர பால் விடுதலையாகும் நாளைக் கொண்டாட ஏற்பாடு நடந்தது. மாவட்ட ஆட்சியர் விஞ்ச் அதைப் பொறுக்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நன்னடத்தைக்கு உறுதிப் பத்திரம் கோரும் பிரிவுகள் அன்றும் இருந்தன. குற்றம் நடந்த பிறகு தண்டிப்பது பொதுச் சட்டம். குற்றம் நடக்கக்கூடும் என்று ஓர் அதிகாரி கருதினாலே ஒருவரைக் கட்டுப்படுத்த இடம் தருவது இந்த முன்தடுப்புப் பிரிவு. இதைக் கொண்டே வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவர் மீதும் நடவடிக்கை தொடங்கியது. 1908 மார்ச் 12 அன்று அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியவை தாக்குதலுக்கும் தீவைப்புக்கும் உள்ளாயின. காவலர்கள் சுட்டதில் நான்கு பேர் உயிரிழந்தனர். தூத்துக்குடியிலும் கலவரம் மூண்டது. அந்த நேரத்தில் சிவா எங்கே இருந்தார்? கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். கூட்டத்தைத் தூண்டவோ தடுக்கவோ முடியாத நிலையில் இருந்தார். தலைவர்களைக் கைது செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் கலவரம் நடந்திருக்குமா என்ற கேள்வியை அன்றைய நிர்வாகம் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. மாறாக, கூடுதல் காவல் படையை அந்த ஊர்களில் நிறுத்தி, அதன் செலவை ஊரார் தலையில் வரியாகச் சுமத்தியது. செய்தவர் சிலர், செலுத்தியவர் அனைவரும்.

வ.உ.சி., சிவா மீதான வழக்கு கலவரத்துக்காகத் தொடரப்படவில்லை. 1870-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1898-இல் மேலும் விரிவாக்கப்பட்ட 124-ஏ பிரிவின் கீழ் ராஜதுரோக வழக்காக அது தொடரப்பட்டது. அரசின் மீது வெறுப்பையோ அவமதிப்பையோ பற்றின்மையையோ உண்டாக்குவது, உண்டாக்க முயல்வது குற்றம் என்றது அந்தப் பிரிவு. வன்முறை நிகழ வேண்டும் என்றுகூட அதில் நிபந்தனை இல்லை. அடிமைப்பட்ட நாட்டில் ஆட்சியின் மீது பற்று இல்லாமையே குற்றமாயிற்று. சிவா தமிழில் ஆற்றிய உரைகளைக் காவல் துறையினர் எடுத்த குறிப்புகளே அரசுத் தரப்பின் முதன்மைச் சான்று.

அமர்வு நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தார். சிவாவுக்கு 10 ஆண்டுகள் நாடு கடத்தல். வ.உ.சி.க்கு ராஜதுரோகத்துக்காக ஓர் ஆயுள் தண்டனை. சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னோர் ஆயுள் தண்டனை. அந்த இரண்டாவது தண்டனைதான் இவ்வழக்கின் தனித்தன்மை. ஒருவர் பேசியதற்காக, அவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்து மேடையில் உடன் நின்றவருக்கு, பேசியவரைவிடக் கூடுதலான தண்டனை கிடைத்தது. உடந்தைக் குற்றம் என்பது சட்டத்தில் நியாயமான கோட்பாடுதான். கொலைக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தவர் தப்பிவிடக் கூடாது. ஆனால் முதன்மைக் குற்றமே வெறும் பேச்சாக இருக்கும்போது, அதற்கு உடந்தை என்று சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும்? விருந்தோம்பலும் நட்பும் குற்றக் கணக்கில் ஏறிவிடும். அன்று ஏறிவிட்டன.

அதே மாதம் பம்பாயில் பால கங்காதர திலகர் இதே பிரிவின் கீழ் ஆறு ஆண்டு நாடு கடத்தலுக்கு உள்ளானார். அவர் குற்றம், பத்திரிகையில் எழுதியது. நெல்லையில் பின்ஹே விதித்த தண்டனையின் கடுமை ஆட்சியாளர்களுக்கே சங்கடமாக இருந்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி மில்லரும் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தனர், தண்டனையைக் குறைத்தனர். சிவாவுக்கும் வ.உ.சி.க்கும் ஆறு ஆண்டுகள் என்றானது. ஆண்டுகள் குறைந்தன, பேச்சே குற்றம் என்ற கொள்கை அப்படியே நின்றது.

திருச்சி, சேலம் சிறைகளில் சிவாவின் இளமை கரைந்தது. கடும் உழைப்பும் மோசமான உணவும் உடலைச் சிதைத்தன. சிறையிலேயே தொழுநோய் பற்றிக்கொண்டது. 1912 நவம்பர் 2 அன்று விடுதலையானபோது அவருக்கு வயது 28. நீதிமன்றம் விதித்த தண்டனை அன்றோடு முடிந்தது. நீதிமன்றம் விதிக்காத தண்டனை உயிர் உள்ளவரை தொடர்ந்தது.

ஒதுங்கியிருக்க அவர் உடன்படவில்லை. சென்னைக்கு வந்து 1913-இல் 'ஞானபானு' என்ற மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதியும், சிறை மீண்ட வ.உ.சி.யும் அதில் எழுதினர். நூல்கள் எழுதினார்; நாடகம் நடத்தினார்; தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். காவி உடுத்தி சுதந்திரானந்தர் என்று பெயர் சூடிக்கொண்டார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921-இல், மீண்டும் ராஜதுரோக வழக்கு, மீண்டும் சிறை. நோய் முற்றிய நிலையில் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கப்பட்டார்.

நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் பயணம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. நோய் தொற்றும் என்பது வெளியில் சொல்லப்பட்ட காரணம். பேச்சாளரை ஊர் ஊராகச் செல்லவிடாமல் தடுப்பதற்கு அதைவிட எளிய வழி இல்லை என்பதும் உண்மை. சிவா மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் பயணம் செய்தார். புண்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு மேடை ஏறினார்.

தருமபுரி அருகே பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நிலம் வாங்கினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அங்கே அடிக்கல் நாட்டினார். கோயிலைக் கட்டி முடிக்க ஆயுள் போதவில்லை. 1925 ஜூலை 23 அன்று, 41 வயது நிறைவதற்குள், பாப்பாரப்பட்டியில் சிவா மறைந்தார்.

அவர் மறைந்த அடுத்த ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. சென்னை பின்னி ஆலைப் போராட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர்கள் மீது நிர்வாகம் வழக்குத் தொடுத்ததும், உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்ததும் அந்தச் சட்டத்துக்கான தேவையை உணர்த்தியிருந்தன. தொழிலாளர் நலனுக்காகச் சட்டப்படி ஒன்றுசேர்வதைக் குற்றச் சதி என்று கருத முடியாதபடி பதிவு பெற்ற சங்கங்களுக்கு 1926-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. கோரல் ஆலை வாயிலில் சிவா நின்றபோது அந்தப் பாதுகாப்பு இல்லை.

விடுதலைக்குப் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் அடிப்படை உரிமைகளாக்கியது. ஆனால் 124-ஏ நீக்கப்படவில்லை. கேதார்நாத் சிங் வழக்கில் 1962-இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லும் என்றே கூறியது. வன்முறையைத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ உள்ள பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என எல்லை வகுத்தது. இந்த அளவுகோல் 1908-இல் இருந்திருந்தால், பற்றின்மையைக் காட்டி மட்டும் சிவாவைத் தண்டித்திருக்க முடியாது. 1989-இல், 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்படம் தொடர்பான ரங்கராஜன் வழக்கில், கருத்துக்கும் அதனால் விளையும் என அஞ்சப்படும் ஆபத்துக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும். தொலைதூர ஊகம் போதாது என்று உச்சநீதிமன்றம் விளக்கியது. சிவாவின் காலத்து நீதிமன்றம் கேட்கத் தவறிய கேள்விக்கு 80 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது.

தீர்ப்புகள் மேலே இருக்கின்றன. வழக்குகள் காவல் நிலையத்தில் பதிவாகின்றன. அமைதியாகக் கோஷமிட்டுக் கலைந்து சென்றவர்கள் மீதும் சட்டவிரோதக் கூட்டம், அரசு ஊழியரின் உத்தரவை மீறல் என்று வழக்குப் பதிவது தமிழகத்தில் வாடிக்கையாக இருந்தது. 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கண்டித்தது. உத்தரவு மீறலுக்குக் காவல் துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது. உரிய அலுவலர் எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் அளிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. ஜனநாயக முறையில் எதிர்ப்புத் தெரிவிப்பதையே குற்றமாகக் கருத முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதே 2018-இல், சிவா பேசிய அதே தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-ஆவது நாளில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் உயிரிழந்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கான அவசியம் எழவில்லை என்று முடிவு கூறியது. கூட்டத்தில் சிலர் செய்ததைக் கூட்டம் முழுவதன் மீதும் ஏற்றுவது எத்தகைய விளைவைத் தரும் என்பதை அந்த ஊர் இருமுறை கண்டுவிட்டது.

அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. பேருந்தைக் கொளுத்துவது போராட்டம் அன்று. கல்லெறியச் சொன்னவர், எறிந்தவரோடு சேர்ந்து பொறுப்பேற்கத்தான் வேண்டும். பொது இடத்தைக் காலவரையின்றி மறித்து அமர்வதை உரிமையாகக் கோர முடியாது என்று ஷாஹீன் பாக் வழக்கில் 2020-இல் உச்சநீதிமன்றம் கூறியதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மருத்துவமனைக்கு விரைபவரின் உரிமையும் உரிமைதான். ஆனால் பொறுப்பு என்பது அவரவர் செயலையும் நோக்கத்தையும் அளந்து வர வேண்டும். அங்கு நின்றார், அவருக்குத் தெரிந்தவர், மேடையில் இருந்தார் என்பவை குற்றச்சாட்டுக்குத் தொடக்கமாகலாம். குற்றத்துக்குச் சான்றாகிவிடக் கூடாது.

2022 மே 11 அன்று உச்சநீதிமன்றம் 124-ஏ பிரிவைப் பயன்படுத்துவதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது ராஜதுரோகம் என்ற சொல் சட்டத்திலிருந்து மறைந்தது. அதன் இடத்தில் வந்த 152-ஆவது பிரிவு, நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு செய்வதை ஆயுள் தண்டனை வரை தண்டிக்க வகை செய்கிறது. அரசை விமர்சிப்பதும் நாட்டைச் சிதைப்பதும் ஒன்றல்ல என்பது ஏட்டில் இருக்கிறது. ஆனால் பிரிவினை உணர்வை ஊக்குவிப்பது போன்ற விரிந்த சொற்கள் அதில் உள்ளன. நன்னடத்தைப் பத்திரம் கோரும் பிரிவுகளும், உடந்தைக் குற்றமும், சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒவ்வொருவரையும் பொறுப்பாக்கும் பிரிவும் புதிய எண்களோடு தொடர்கின்றன. 1908-இல் விஞ்சும் பின்ஹேயும் கையாண்ட கருவிகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை எடுப்பவரின் நிதானமும், தடுத்து நிறுத்தும் நீதிபதியின் விழிப்புமே நமக்குள்ள காப்பு.

ஆகவே, ஒரு போராட்டத்தின் பேரில் வழக்குப் பதியும் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளுக்கு விடை கோர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தாமே செய்தது என்ன? நடந்த வன்செயலுக்கும் அவர் சொல்லுக்கும் உள்ள நேரடித் தொடர்பு எது? அவரைத் தடுத்ததால் அமைதி கூடியதா, குலைந்ததா? இவற்றுக்கு விடை இல்லாத வழக்கு, நீதிமன்றத்தில் தோற்றாலும் தன் வேலையைச் செய்துவிடும். விசாரணைக்கு அலையும் ஆண்டுகள், மறுக்கப்படும் கடவுச்சீட்டு, கைநழுவும் அரசுப் பணி ஆகியவை தீர்ப்புக்கு முன்பே வந்துசேரும் தண்டனைகள். அவற்றை எந்த மேல்முறையீடும் திருப்பித் தராது.

சிவாவின் ஆறு ஆண்டுத் தண்டனையில் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் சிறையில் கழிந்தன. நோய் 1925 வரை அவரோடு இருந்தது. பிற்காலம் அவரைத் தியாகி என்று போற்றியது, சிலை வைத்தது. அவர் தண்டிக்கப்பட்ட காரணத்துக்காக இனி ஒருவரும் தண்டிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது, சிலைக்கு மாலை சூட்டுவதைவிடக் கடினமான கடமை. வத்தலகுண்டு மண்ணில் பிறந்த அந்த மனிதருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அதுவே.